அனுப்பப்படாத இரண்டு புரதங்கள்

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் செல் உயிரியல் நடத்திக்கொண்டிருந்தேன். எனக்குப் பிடித்த பாடம் வெசிக்கிள். செல்லுக்குள் புரதம் தயாராகும் இடத்தின் சவ்வு ஓரிடத்தில் புடைக்கும். உறைப் புரதங்கள் வந்து ஒட்டி அதை வளைக்கும். கடைசியில் அது கிள்ளியெடுத்தாற்போல் பிரிந்து, ஒரு குட்டிப் பையாகக் கிளம்பிவிடும். அதற்குள் எந்தச் சரக்கு ஏறுகிறது என்பதுதான் விசேஷம். சரக்கு என்றதும் பின் பெஞ்சு சிரிக்கும். "சிரிச்சது போதும், எழுதுங்கடா" என்பேன். சில புரதங்களை ஏற்றிவிடவே சவ்வில் ஏற்பி என்று ஒன்று உண்டு. ஏற்பி பழுதானால், ஒழுங்காகத் தயாரான புரதமும் வெளியே போக முடியாமல் உள்ளேயே கிடக்கும்.

ஒரு நாள் இதை நடத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன், அச்சரப்பாக்கத்திலிருந்து தங்கை போன் செய்தாள். அவளைக் கட்டியவர் எங்கள் தாய்மாமன், அம்மாவின் கடைசித் தம்பி. அவர்களுடைய ஒரே பெண் வயதுக்கு வந்து எட்டு நாள் ஆகியிருந்தது. வழக்கப்படி பின்னறையில் தனியாக உட்காரவைத்து உளுந்தங்களி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பதினாறாம் நாள் தண்ணீர் ஊற்றும் விசேஷத்துக்குப் பத்திரிகைகூட அடித்தாயிற்று.

"இன்னாக்கா இது, எட்டு நாளா நிக்கவே மாட்டேங்குது. துணி மாத்திக்கினே கீறா. ரத்தம் உறையாத நோவுன்னு சொல்வியே, அது இல்லியே?"

"அடிப் பைத்தியமே, அது ஆம்பளப் பசங்களுக்குத்தான் வரும். மொத தடவ அதிகமாத்தான் போவும். வெந்தயம் ஊறவச்சுக் குடு."

"நீ சொன்னா சரிதான்க்கா."

படித்தவள் சொல்லிவிட்டாள், அப்புறம் என்ன? டாக்டரிடம் காட்டலாமா என்று இழுத்துக்கொண்டிருந்த மாமாவும் பேச்சை விட்டுவிட்டார். அந்தப் பெண்ணுக்குக் காது குத்தியபோது ஒரு பகல் முழுக்க ரத்தம் கசிந்தது எனக்குத் தெரியாதா? மஞ்சள் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததே நான்தான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் சுரைக்காய் குழந்தையைக் கொல்லவே பார்த்தது.

பதினோராம் நாள் அவள் எழுந்து நிற்கப் போய் மயங்கி விழுந்தாள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு நான் ஓடிப் போனபோது அவள் உதட்டில் நிறமே இல்லை. ரத்தம் ஏற்றினார்கள், பிறகு பிளாஸ்மா ஏற்றினார்கள். நான்காம் நாள்தான் கண் திறந்து தண்ணீர் கேட்டாள்.

பரிசோதனை முடிவு வந்ததும் டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டார். "ரத்தம் உறைய வேண்டிய புரதத்துல ரெண்டு சேர்ந்தாப்ல கம்மியா இருக்கு. ஐந்தாம் ஃபேக்டர், எட்டாம் ஃபேக்டர். சொந்தத்துல கல்யாணமா?"

தங்கை தலையாட்டினாள். எனக்கு உடனே விளங்கிவிட்டது. அந்த இரண்டையும் வெசிக்கிளில் ஏற்றிவிடும் ஏற்பி ஒன்றுதான். அவள் உடம்பு இரண்டையும் ஒழுங்காகத்தான் தயாரிக்கிறது, ஏற்றிவிட ஆளில்லை. பழுதான மரபணு அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தால் பெண்ணுக்கும் இது வரும். ஒரே வீட்டுக்குள் கொண்டு கொடுத்தால் அப்படி வருவது சுலபம். வருடா வருடம் இதை வகுப்பில் ஒரே வரியில் சொல்லிக் கடந்தவள் நான்.

"எல்லாம் என் வயிறு சரியில்லக்கா" என்று தங்கை அழுதாள். அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

சில மாதம் கழித்து அந்தப் பெண்ணை மாமல்லபுரம் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நோயைப் பற்றிக் கேட்டாள், எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள்:

"பெரிம்மா, எங்கப்பாவுக்கு மொதல்ல உன்னத்தான் கேட்டாங்களாமே? இதெல்லாம் வரும்னு தெரிஞ்சுதான் வேணாம்னியா?"

தெரியாது என்று சொல்ல வாய்வரை வந்தது. இவளிடமும் பொய்யா?

"படிக்கணும்னு வேணாம்னேன். ஆனா சொந்தத்துல கட்டினா கொழந்தைக்கு நோவு வரலாம்னு தெரியும். அந்த வருஷந்தான் காலேஜ்ல அதப் படிச்சேன்."

"அப்ப எங்கம்மாகிட்ட ஏன் சொல்லல?"

நான் வேண்டாம் என்றதும் அடுத்த வாரமே தங்கைக்குப் பூ வைத்தார்கள். அன்றைக்கு அவளுக்குத் தலை பின்னிவிட்டது நான். வாயைத் திறந்தால் பேச்சு மறுபடி என் பக்கம் திரும்பிவிடும் என்று பயம்.

"நான் தப்பிச்சா போதும்னு இருந்துட்டேன்டி."

அவள் என் கையை விட்டுவிட்டாள். "அம்மாகிட்ட நீயே சொல்லிடு பெரிம்மா. நான் சொல்ல மாட்டேன்."

அவள் சொன்னபடியே யாரிடமும் சொல்லவில்லை. தங்கை இன்னமும் தன் வயிற்றைத்தான் திட்டிக்கொள்கிறாள். நானும் இன்னும் சொல்லவில்லை.