அரிசி எங்கே இறங்க வேண்டும்

“பஹலே, முதல்ல உன் பாபா விலாசத்தைச் சரி பண்ணு, பேட்டி. அப்புறம் மத்தவங்க விலாசம் பாக்கலாம்.” எங்கள் கூட்டுறவுப் பண்டகசாலையின் தலைமை எழுத்தர் இப்படிச் சொன்னபோது, அவர் மேசையில் விரித்து வைத்திருந்த பேரேட்டில் என் அப்பாவின் பெயருக்குக் கீழே அவருடைய விரல் இருந்தது. அவரை நாங்கள் பெரிய பாபு என்போம். வெள்ளைக்காரன் தீவுக்குக் கைதிகளை அனுப்பிய காலத்திலிருந்தே போர்ட் பிளேரில் இருக்கும் குடும்பம். வீட்டில் ஹிந்தி பேசுவார்; அவர் என்னைப் ‘பேட்டி’ என்றால் மகளே என்று அர்த்தம். தமிழைக் கவுண்டருக்கு வெளியே நிற்கிற எங்கள் ஆட்களிடமிருந்து கற்றுக்கொண்டவர். அவர் விரல் காட்டிய இடத்தில் அப்பாவின் விலாசமாக ராமநாதபுரம் ஜில்லாவில் ஒரு கிராமத்தின் பெயர் எழுதியிருந்தது. அந்தக் கிராமத்தை விட்டு அப்பா கப்பலேறியபோது நான் கைக்குழந்தை.

நான் அப்போது பள்ளி இறுதித் தேர்வு முடித்துப் பண்டகசாலையில் தற்காலிக எழுத்தராகச் சேர்ந்திருந்தேன். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். இதை நான் அடக்கமாகச் சொல்லிக்கொள்வதில்லை, அப்போதும் சொன்னதில்லை. அந்தச் சமயத்தில் பண்டகசாலை ஒரு பெரிய மாற்றத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. அதுவரை சௌல்தாரியில் இருப்பவர்கூட அரிசி வாங்கப் போர்ட் பிளேருக்குத்தான் வரவேண்டும், வந்தால் அன்றைய வேலை போயிற்று. இனி சௌல்தாரியிலும் புரோத்ராபூரிலும் கிளைகள். பேரேட்டில் இருக்கும் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு அட்டை எழுதி, எந்த வீட்டுக்கு எந்தக் கிளை என்று பிரித்து, அந்தக் கணக்குப்படி லாரியில் சரக்கு அனுப்பி வீட்டுப் பக்கத்திலேயே இறக்க வேண்டும். அடுத்த அரிசிக் கப்பல் வருவதற்குள் அட்டைகள் முடிந்தாக வேண்டும். மெயின்லேண்ட் விலாசம் உள்ளவர்களை ஊருக்குத் திரும்பிப் போனவர்களாக வைத்துக் கணக்கை மூடிவிட வேண்டும் என்பது மேலேயிருந்து வந்த உத்தரவு. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. உண்மையிலேயே திரும்பிப் போனவர்களின் பெயரில் யார் யாரோ அரிசி வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் பேரேட்டைப் புரட்டியபோதுதான் சிக்கல் தெரிந்தது. தினமும் கவுண்டரில் பார்க்கிற முகங்களெல்லாம் ஏட்டில் திருவாடானையிலும் அறந்தாங்கியிலும் குடியிருந்தன. இப்படியே அட்டை எழுதினால் எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்குமேல் அரிசி நின்றுவிடும், அப்பாவுக்கும் சேர்த்து. வீடு வீடாகப் போய் விசாரித்து எழுதுகிறேன் என்று நான் சொன்னதற்குத்தான் பெரிய பாபுவிடமிருந்து அந்தப் பதில் வந்தது.

அன்று சாயங்காலமே அப்பாவிடம் கேட்டேன். சாத்தம் மரமில்லில் வேலை முடிந்து வந்து, முதுகில் ஒட்டியிருந்த மரத்தூளைத் துண்டால் தட்டிக்கொண்டிருந்தார். “அதான் எழுதியிருக்குல்ல ஆத்தா, பெறவென்ன?” என்றார். அது ஊர் விலாசம், இங்கே இருக்கிற விலாசம் வேண்டும் என்றேன். “இங்க இருக்கிறது விலாசமா? இங்க இருக்கிறது இருப்பு. பொழைக்க வந்த எடத்தை எவனாவது விலாசம்னு சொல்லுவானா?” சர்க்கார் காகிதத்தில் இந்த ஊர் என்று பதிந்துவிட்டால், ஊரில் பெரியப்பா பொதுவில் வைத்திருக்கும் நிலத்தில் தன் பங்கு போய்விடும் என்ற பயம் அவருக்கு இருந்தது. இது பண்டகசாலை, சர்க்கார் இல்லை என்று நான் விளக்கியதை அவர் காதிலேயே வாங்கவில்லை. அடுப்படியிலிருந்து அம்மா, “மகளுக்கு வேல குடுத்ததே நம்மள ஊர விட்டுத் தள்ளத்தான் போல” என்றாள். அப்பா அதற்குச் சிரித்தார். சொன்னதை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

வெளியே போனாலும் இதே கதைதான். புரோத்ராபூரில் ஒருவர் தானே வெட்டிய கிணற்றின் சுவர்மேல் உட்கார்ந்துகொண்டு, தான் நட்ட பாக்கு மரங்களின் நிழலில், தன் விலாசம் சிவகங்கைப் பக்கம் என்று சொன்னார். சொல்லிவிட்டு, “பொண்ணு நல்லாத்தான் எழுதுது” என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் என்னைப் பாராட்டவும் செய்தார். யாரும் பொய் சொல்லவில்லை. விலாசம் என்ற சொல்லைக் கேட்டதும் அவர்கள் மனசு கடலைத் தாண்டிப் போய்விட்டது. செத்தால் யாருக்குத் தந்தி போகவேண்டுமோ அந்த இடம்தான் அவர்களுக்கு விலாசம்.

சௌல்தாரியில்தான் எனக்கு வழி கிடைத்தது. நல்ல மழை. ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் ஒதுங்கி, அந்த வீட்டு அக்காவிடம் விலாசம் கேட்டேன். அவளும் வழக்கம்போலப் புருஷனின் ஊரைச் சொன்னாள். நான் எழுதப்போனபோது, அவள் பாட்டுக்குப் பேச ஆரம்பித்தாள். “விலாசம் கெடக்கட்டும். லாரி வந்தா அந்தப் புலியாக்கிட்ட இறக்கிராதீகம்மா, தண்ணி ஏறி மூட்டை பூராம் நனைஞ்சிரும். புலியாவைத் தாண்டி எடது கைப்பக்கம் மேடு ஏறி, மாட்டுக் கொட்டகைய ஒட்டி ரெண்டாவது வீடு. அங்க வந்து இறக்கச் சொல்லு.” புலியா என்றால் சாலையின் குறுக்கே போகும் சின்னப் பாலம். தீவில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். நான் தேடி அலைந்ததை, நான் கேட்காமலே, மழைத் தண்ணீர் எதுவரை ஏறும் என்பது உட்பட அவள் சொல்லி முடித்துவிட்டாள். அரிசி என்றதும் அவள் மனசு இங்கே வந்து நின்றுவிட்டது.

அதன்பிறகு யாரிடமும் நான் விலாசம் கேட்கவில்லை. “அரிசி எங்கே இறங்கணும்?” என்றுதான் கேட்டேன். குழாய், அரசமரம், காண்ட்ராக்டர் ஷெட், தகரக்கூரை என்று ஆட்கள் தங்கள் வீட்டைத் தொட்டுக் காட்டுவதுபோலச் சொன்னார்கள். இருந்தாலும் ஒன்று உறுத்தியது. பழைய விலாசத்தை நான் அடித்துவிட்டு எழுதியபோது, பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் முகம் சட்டென்று சுண்டிப்போனது. அதனால் அடுத்த அட்டைகளில் அளவுகோல் வைத்துக் கூடுதலாக ஒரு கோடு போட்டேன். மேல் வரியில் அரிசி இறங்கும் இடம், கீழ் வரியில் சொந்த ஊர். கிளை பிரிக்க மேல் வரி போதும், கீழ் வரியால் யாருக்கும் நஷ்டமில்லை.

பெரிய பாபு அந்த அட்டையைப் பார்த்துவிட்டு, “பிரிண்ட் ஆன கார்டுல ஒரு லைன்தான் இருக்கு. உனக்கு மட்டும் எப்படி ரெண்டு லைன் வந்துச்சு?” என்றார். நான் காரணம் சொன்னேன். அவர் ஒரு வெற்று அட்டையை எடுத்து, அளவுகோலை என்னிடமிருந்து வாங்கிக் கோடு போட்டு, தன் பெயரை எழுதினார். மேல் வரியில் தன் தெருவை எழுதினார். கீழ் வரியிலும் அதே தெருவை எழுதினார். “எங்க தாத்தா எங்கேருந்து வந்தார்னு ஜெயில் காகிதத்துல இருக்கும். வீட்ல யாரும் கேட்டதில்ல” என்றார். மை காய்வதற்காக அட்டையைக் கொஞ்ச நேரம் ஆட்டினார். பிறகு, “டீக் ஹை. ரெண்டு லைன் போடு” என்று சொல்லி மற்ற அட்டைகளை என் பக்கம் தள்ளினார்.

அப்பா மட்டும் பிடி கொடுக்கவில்லை. வீட்டில் அரிசிக் கேள்வியைக் கேட்டால், “நீ எங்க திங்கிறியோ அங்கதான் இறங்கணும், தெரியாதா?” என்பார். நானே எழுதியிருக்கலாம். ஆனால் வாடிக்கையாளர் வாயால் சொல்லி ரேகை வைக்க வேண்டும் என்ற விதிக்காகப் பெரிய பாபுவிடம் வாதாடியவளே நான்தான். ஹார்பருக்கு வெளியே கப்பல் நங்கூரம் போட்டுவிட்டது என்று செய்தி வந்த அன்று, மூடவேண்டிய கணக்குகளின் பெட்டியில் அப்பாவின் அட்டை மேலாகவே கிடந்தது.

அன்று மத்தியானம் கவுண்டர் வரிசையில் அப்பா நின்றார். மில்லில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். சட்டையைப் பார்த்தால் பொங்கலுக்குப் போடுகிற சட்டை. அவர் முறை வந்ததும், மற்றவர்களிடம் கேட்பதுபோலவே, “அரிசி எங்கே இறங்கணும்?” என்றேன். பின்னால் நின்ற மில் ஆட்கள், “சொல்லுப்பா, ஆபீசரம்மா கேக்குறாகள்ல” என்று கிண்டல் செய்தார்கள். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“சாத்தம் பாலத்துக்கு இந்தப் பக்கம், மேட்டுல. படிச்ச பொண்ணு வீடுன்னு கேட்டா யாரும் காட்டுவாக.”

“அது அடையாளமா எழுத முடியாதுப்பா. நான் வேற ஊருக்குப் போயிட்டா?”

“நீ எங்க போனாலும் வீட்டுக்குப் பேரு அதான. எழுது ஆத்தா.”

நான் பெரிய பாபுவைப் பார்த்தேன். அவர் ஏட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “லிக்கோ, லிக்கோ. லைன்ல எத்தனை பேர் நிக்கிறாங்க பாரு” என்றார். எழுதினேன். கீழ் வரியில் கிராமத்தின் பெயரை அப்பா ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார், எனக்கு அது தெரியாது என்பதுபோல. கட்டை விரலை மையில் ஒற்றியவர், எந்த வரியின் பக்கத்தில் வைப்பது என்று சற்று யோசித்து, இரண்டுக்கும் நடுவில் வைத்தார்.

கப்பல் அரிசி இறங்கிய வாரம் சௌல்தாரிக்கு முதல் லாரி போனது. நானும் முன்சீட்டில் போனேன். புலியாவைத் தாண்டி, மேடு ஏறி, கொட்டகைப் பக்கம் மூட்டை இறங்கியது. மூடவேண்டிய பெட்டியில் கடைசியில் மிஞ்சியவை, உண்மையாகவே கப்பலேறித் திரும்பிப் போனவர்களின் பெயர்கள் மட்டும்தான்.

சில மாதத்திலேயே, வடக்கே இன்னொரு தீவில் ரங்கத் என்ற ஊரில் இருக்கும் பண்டகசாலைக்கும் இதே வேலை வந்தது. அங்கே குடியேறியவர்களில் பெரும்பாலோர் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள். யார் போவது என்று பெரிய பாபு கேட்டு முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கினேன். அப்பா துறைமுகம் வரை என் டிரங்குப் பெட்டியைத் தூக்கி வந்து, கப்பலில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வாந்தி வராது என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இதை ரங்கத்திலிருந்துதான் எழுதுகிறேன். நேற்றுக் காலை முதல் வீட்டுக்குப் போனேன். “சாவல் கிதர் உதார்னா ஹை?” என்று அதே அரிசிக் கேள்வியை ஹிந்தியில் கேட்டேன். அந்த வீட்டு அம்மா மீன் அரிந்துகொண்டிருந்த கையாலேயே வயல் வரப்பையும் வைக்கோல் போரையும் காட்டினாள். நான் எழுதினேன். பிறகு கீழ் வரியைக் காட்டிச் சொந்த ஊர் எது என்று கேட்டேன். அவள் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அந்த ஊர் இப்போது எல்லைக்கு அந்தப் பக்கம் வேறு தேசமாகிவிட்டது, தங்களால் இனி அங்கே போகவே முடியாது, அதையும் எழுதலாமா என்று ஹிந்தியில் கேட்டாள்.

எழுதலாம் என்றேன். அவள் சொல்லச் சொல்ல, ஆற்றின் பெயரையும் சேர்த்து எழுதிக்கொண்டேன். வரி போதவில்லை. ஓரத்தில் மடக்கி எழுதி, அவளுக்குப் படித்துக் காட்டி, ரேகை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுப் படலைத் தட்டினேன்.