பேர்ணடெற்றும் ராகுலன் அணைத்த காவலும்

கொட்டாஞ்சேனை பேர்ணடெற், கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் சட்டத்தரணி நாகேந்திரத்திடம் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறாள். தட்டச்சுக்கென்று சேர்ந்தவள், யாரும் சொல்லிக்கொடுக்காமலே படித்து, அலுவலகத்தின் ஆறு லப்டொப்புகளிலும் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுப் பராமரித்தாள். நாகேந்திரத்துக்கோ அக்கா மகன் ராகுலன்தான் நிபுணன். அவன் வெள்ளவத்தையில் லினக்ஸ் வகுப்பு நடத்துகிறான். வாய் மட்டும் அங்கே ஓடும் காலி வீதி நீளம்.

ஒருநாள் நாகேந்திரத்தின் லப்டொப்பில் வைஃபை கிடைக்கவில்லை. ராகுலன் வந்து, வைஃபையை இயக்கும் ட்ரைவர் நிரலைத் தடுக்கிறது என்று ஆறிலும் 'செக்யூர் பூட்' என்பதை அணைத்துவிட்டான். கணினி எழும்பும்போது முதலில் ஓடும் நிரலில் சரியான கையொப்பம் இருக்கிறதா என்று பார்க்கும் காவல் அது.

"ஏன் தம்பி நிப்பாட்டினீங்கள்? வைஃபை ட்ரைவருக்கு நாங்களே கையொப்பம் போடலாமே," என்றாள் பேர்ணடெற்.

"அன்ரி, லினக்ஸுக்கு வைரஸ் வராது. இதெல்லாம் விண்டோஸ்காரன்ர சுத்துமாத்து."

இதையா பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறான் என்று நினைத்துக்கொண்டு அவள் தன் மேசைக்குத் திரும்பினாள்.

பிறகு அதே லப்டொப்பின் மூடி உடைந்தது. ராகுலன் அதை ஏதோவொரு ரிப்பெயர் கடையில் நான்கு நாள் விட்டுவைத்தான். அது திரும்பி வந்தபின் இரண்டு வழக்குகளில், இவர்கள் இன்னும் பேசாத வாதத்துக்கே எதிர்த்தரப்பு பதிலோடு வந்து நின்றது. லப்டொப்பிலிருந்துதான் விஷயம் கசிகிறது என்று நாகேந்திரம் சந்தேகப்பட, ராகுலன் லினக்ஸைப் பழைய பிரதியிலிருந்து மீட்டான். தொடக்க நிரல் டிஸ்கில் வேறொரு சின்னப் பகுதியில் இருப்பதும், இந்த மீட்பு அதைத் தொடாது என்பதும் அந்த நிபுணனின் நினைவுக்கே வரவில்லை. மூன்றாவது வழக்கிலும் அதே கூத்து.

பேர்ணடெற் ஆறிலும் செக்யூர் பூட்டைத் திரும்பப் போட்டாள். ஐந்து எழும்பின. நாகேந்திரத்தினுடையது மறுத்தது: கையொப்பம் பிழை.

"பாத்தீங்களா மாமா, அன்ரி மெஷினைப் பழுதாக்கிப்போட்டா!"

"பழுதாகேல்லைத் தம்பி. ஆரோ தொடக்க நிரலை மாத்தியிருக்கினம். கதவைத் திறந்துவிட்டது நீங்கள்."

ராகுலன் பெரிய கம்பனிகளின் சதி பற்றி அரைமணி நேரம் பிரசங்கம் வைத்தான். கடைசியில் நாகேந்திரமே கேட்டார்:

"அப்ப மற்ற அஞ்சும் என்னெண்டு எழும்பினது?"

ராகுலன் போனைப் பார்த்தான். வகுப்புக்கு நேரமாயிற்றாம்.

அந்த லப்டொப் பொலிஸ் முறைப்பாட்டோடு போனது. மற்றவற்றின் அமைப்புகளை யாரும் மாற்றாதபடி பேர்ணடெற் கடவுச்சொல் வைத்தாள்.

"அதை ராகுலனுக்கும் குடுத்து வையுங்கோ. வீட்டுப் பிள்ளைதானே," என்றார் நாகேந்திரம்.

"அதாலதான் சேர் குடுக்கேல்ல. வீட்டுப் பிள்ளை எண்டுதானே அண்டைக்கும் ஒருத்தரும் தடுக்கேல்ல."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனாள்.