தம்பியின் ஏற்பி

ஆய்வகத்தின் கடைசி அறையில் செத்துப்போன ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்று கூட்டிப் பெருக்கும் அம்மா காவலாளியிடம் சொல்ல, காவலாளி என்னிடம் சொன்னார். ஊர்விட்டு வந்து வேலையில் சேர்ந்த புதிது எனக்கு. எதைக் கேட்டாலும் சிரித்து மழுப்புவேன்.

"சிரிக்காதீங்க. பூச்சி அக்கா அவர்கிட்ட கொஞ்சிக் கொஞ்சிப் பேசுறாங்களாம்" என்றார்.

அதில் பாதிக்கு மேல் உண்மை என்று பிறகுதான் தெரிந்தது.

பூச்சி அக்கா எங்கள் ஆய்வகத்தில் பூச்சி செல் வளர்ப்பவர். ஏதோ ஒரு அந்துப்பூச்சியின் சினைப்பையிலிருந்து எப்போதோ எடுத்த செல்கள் அவை. பூச்சி மடிந்து மண்ணாகிப் போனாலும், செல்கள் மட்டும் குடுவைக்குள் பெருகிக்கொண்டே இருக்கின்றன. குடுவையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தே, "இதுக்குப் பசிக்குது" என்பார்.

அவர் வேலையை எனக்கு விளக்கியதும் அவர்தான். செல்லின் மேற்பரப்பில் நிற்கும் ஏற்பி வாசல்மணி மாதிரி. உள்ளே இருக்கும் ஜி புரதம், மணி கேட்டதும் ஓடிப்போய் வீட்டையே எழுப்புகிற ஆள். ஹார்மோன் வந்து அழுத்தினால் மணி அடிக்கும். மனித ஏற்பியின் மரபணுவை ஒரு வைரஸில் ஏற்றி அனுப்பிப் பூச்சி செல்லில் நிறுத்தினால், பூச்சியின் சொந்த ஆள் பல சமயம் சரியாக அசைந்து கொடுப்பதில்லை. அதனால் மனித ஜி புரதத்துக்கான மரபணுவையும் இன்னொரு வைரஸில் ஏற்றி உள்ளே அனுப்புவார்கள். "பூச்சி வீட்டுல இந்த மாதிரி மணி வேற கிடையாது. அதனால எது அடிக்குதுன்னு குழப்பமே இல்லை" என்றார் அக்கா.

அப்போது அவர் வளர்த்துக்கொண்டிருந்தது சொந்தத் தம்பியின் ஏற்பியை.

தம்பி மூன்று ஆள் சாப்பாடு சாப்பிடுவாராம், உடம்பில் ஒட்டாது. வீடே போர்வைக்குள் நடுங்கும்போது இவர் மட்டும் சன்னலைத் திறந்து வைப்பார். "எங்கடா போகுது எல்லாம்?" என்று கேட்டால், "உள்ள ஒரு பேய் குடும்பம் நடத்துதுக்கா, அதுக்கும் சேத்துதான்" என்பார். ஒருநாள் பேருந்திலேயே இதயம் நின்றுவிட்டது. தூங்குகிறார் என்று நினைத்து நடத்துநர் தோளைத் தட்டியிருக்கிறார். முன்பே எடுத்திருந்த ரத்தத்தில், தைராய்டு சுரப்பியை முடுக்கும் ஏற்பியின் மரபணுவில் ஒரு சின்ன மாற்றம் தெரிந்தது. அந்த மணி ஓயாமல் அடித்தால் எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பு இளைக்கும், இதயம் தறிகெட்டு ஓடும். அது கெடுதலா, சும்மா கிடப்பதா என்று யாருக்கும் தெரியவில்லை. அக்கா கேட்டுக்கொண்டதால் ஆய்வகத் தலைவர் அதைப் பரிசோதிக்க ஒப்புக்கொண்டார்.

அக்காவுக்கு ஒரே மகள், வெளியூரில் விடுதியில் படிக்கிறாள். அவளும் இளைத்துக்கொண்டு வந்தாள். அக்கா ஸ்பீக்கரில்தான் பேசுவார் என்பதால், போன் பேச்சு அடுத்த மேசையில் இருந்த எனக்கு அப்படியே கேட்கும்.

"இன்னைக்கும் படபடன்னு அடிச்சுதா?"

"அம்மா, பரீட்சை டென்ஷன்மா. இங்க டாக்டரே சொல்லிட்டார்."

"ஒரு ரத்தப் பரிசோதனைதானேடி."

"மாமாவுக்கு வந்தா எனக்கும் வரணுமா? உன் பூச்சி முதல்ல வாயத் திறக்கட்டும். அது சொன்னா ஊசி குத்திக்கறேன். அதுவரைக்கும் இதுக்காகக் கூப்பிடாதே, தாயே!"

மணி அடித்தால் ஒளி தெரிகிற மாதிரி சோதனையை அமைத்திருந்தார்கள். முதல் சோதனையில் ஹார்மோனே ஊற்றாத தம்பியின் குடுவை ஒளி காட்டியது. அக்கா வெளிறிப்போனார். செல்களுக்கு ஊற்றியிருந்த உணவுத் திரவத்தைத் தலைவர் எட்டிப் பார்த்தார்.

"சீரம் கலந்த மீடியமா? கன்னுக்குட்டி ரத்தத்துல எடுக்கற சீரம்தானே, அதுல கொஞ்சம் ஹார்மோன் இருந்திருக்கும், அது அழுத்தியிருக்கும். நீங்களா இப்படி?"

"ஆமா சார், என் தப்புதான்!" என்றார் அக்கா. திட்டு வாங்கி ஒருவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. அன்று முழுக்க, "நான் சொதப்பிட்டேன்" என்று ஆய்வகம் முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பிறகு சீரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அது இல்லாமலே வாழச் செல்களைப் பழக்கினார். அந்த நாட்களில்தான் நானும் கேட்டேன். ஷேக்கரில் சுழலும் குடுவையிடம் குனிந்து, "சும்மா இருடா கண்ணா. யாரும் உன்னக் கூப்பிடலை. சும்மா இரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வந்த காலோடு திரும்பி நடந்தேன்.

ஒரு மத்தியானம் கருவி ஒளியின் அளவை எண்களாகக் காட்டத் தொடங்கியது. சாதாரண ஏற்பி அமைதியாக இருந்தது. மனித ஜி புரதம் மட்டும் இருந்த குடுவையும் அமைதி. தம்பியின் ஏற்பியும் ஜி புரதமும் சேர்ந்திருந்த குடுவையில் எண் ஏறிக்கொண்டே போனது. ஹார்மோன் இல்லை, சீரம் இல்லை. அழுத்த ஆளே இல்லாமல் மணி அடித்துக்கொண்டிருந்தது.

"நான் இந்தத் தடவை எந்தத் தப்பும் பண்ணலையே" என்றார் அக்கா, யாரிடமோ கெஞ்சுவதுபோல.

கையுறையைக் கழற்றினார். ஒன்று விரலிலேயே ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. பல்லால் கடித்து இழுத்தார். போனை எடுத்து மகளுக்கு அடித்தார். ஸ்பீக்கரில் போட்டுக் கருவிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"எடுடி" என்றார். "பூச்சி வாயத் திறந்துடுச்சுடி. எடு."

அந்தப் பக்கம் மணி போய்க்கொண்டே இருந்தது.