காப்புக் கட்டிய கையோடு கோர்ட்டுக்குப் போனேன்

அம்மனின் பிள்ளைகளே, நாலு பேர் முன்னால் பேசினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன்.

பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்த என் மகளை அங்கிருந்த சூப்பர்வைசர் பலாத்காரம் செய்தான். அன்றே போலீசில் புகார் கொடுத்தோம். அவன் ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். என் மகள்தான் வீட்டுக்குள் அடைந்து போனாள்.

அதன் பிறகு வாய்தா, வாய்தா, வாய்தா. ஜட்ஜ் லீவு, வக்கீல் ஊரில் இல்லை, ஃபைல் வரவில்லை. ஒவ்வொரு முறையும் என் மகள் நடந்ததை எல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வருவாள். சொல்லாமலே திரும்புவாள். அவள் பெயரை வெளியிடக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் கோர்ட் வராந்தாவில் அவனுக்கு எதிரிலேயே அவளை நிற்க வைக்கிறார்கள். இது என்ன நியாயம் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

போன வருஷம் சொல்லிவிட்டாள்: "இன்னும் ஒரே ஒரு வாட்டிதான்மா வருவேன். அப்புறம் கேஸும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

நான் சந்தாபுராவில் நம் மாரியம்மனிடம் அழுதேன். "தாயே, அவனுக்குத் தண்டனை கூடக் கேட்கவில்லை. என் பெண் வாய் திறந்து சொல்லி முடிக்கட்டும்." ஆடித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிக்கொண்டேன்.

அந்த வாரமே கோர்ட் தேதி வந்தது. காப்புக் கட்டியவர்கள் ஊர் எல்லை தாண்டக் கூடாது. கோர்ட்டோ சிட்டிக்குள் இருக்கிறது. பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா பயமுறுத்தினார்: "எல்லை தாண்டினா அம்மா சும்மா விடுவாளா? பொண்ண மட்டும் அனுப்பு."

பூசாரியிடம் ஓடினேன். அவர் திட்டினார். "யாருக்காகக் காப்புக் கட்டின? பொண்ணுக்குத்தான? அது எங்க நிக்குதோ அதுதாம்மா உனக்கு எல்லை. பஸ்ஸ விட்டுறாத, போ."

போனோம். கேஸைக் கூப்பிட்டதும் அவன் பக்கத்து ஜூனியர் வக்கீல் எழுந்தார். சீனியருக்கு உடம்பு சரியில்லையாம், தேதி வேண்டுமாம். என் மகள் கைப்பையை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள்.

எப்படி எழுந்தேன் என்று எனக்குத் தெரியாது. ஜட்ஜ் அம்மாவைப் பார்த்து, தெரிந்த கன்னடத்தில் கத்தினேன். "அம்மா, அவருக்கு உடம்பு சரியில்லன்னா வீட்ல படுக்கட்டும். என் பொண்ணு வந்திருக்கா. இன்னிக்கு விட்டா இனிமே வர மாட்டா!"

"ஏய், சும்னிரம்மா!" என்று போலீஸ்காரர் வாயை மூடச் சொல்லி அதட்டினார். ஜட்ஜ் அம்மா அவரைக் கையமர்த்தினார். என் மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மத்தியானம் சாட்சி நடந்தே தீரும், சீனியர் வராவிட்டால் ஜூனியரே கேள்வி கேட்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

உடம்பு சரியில்லாத சீனியர் சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நின்றார்!

எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். நான் வெளியே அம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் மகள் வெளியே வந்தாள். முகம் வீங்கியிருந்தது. "எல்லாம் சொல்லிட்டேம்மா. கேவலமாத்தான் கேட்டாங்க. ஆனா சொல்லிட்டேன். பசிக்குது."

அவள் வாயால் பசி என்று கேட்டு எத்தனை காலம்! தாயே, உனக்குக் கோடி நமஸ்காரம்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. என் கோபமும் தீரவில்லை. ஆனால் மகள் வேறு கம்பெனியில் வேலைக்குப் போகிறாள். உங்களுக்குத் தெரிந்த எந்தப் பெண்ணாவது இப்படி அலைந்து சலித்திருந்தால் அம்மனிடம் அழைத்து வாருங்கள். அவள் கைவிட மாட்டாள். கோர்ட்டுக்குத் துணை வேண்டுமென்றால் சொல்லுங்கள், ஒரு நாள் லீவு போட்டுவிட்டு நான் வருகிறேன்.