ஒரே பெயரில் இரண்டு சிக்னல்

காலை 4.40. ரவாங் ரயில் நிலையத்துக்கு வெளியே முனியாண்டியின் வாடகைக் காரில் ஏறினேன். எண்பது வெள்ளி, அதாவது ரிங்கிட், என்றார். போன முறை எழுபதுதான்.

"எண்ணெய் விலை ஏறிப்போச்சுண்ணே. உங்ககிட்ட பொய் சொல்லுவனா லா?"

சொல்லமாட்டார் என்று எனக்கு என்ன நிச்சயம்? எதையும் எடுத்த எடுப்பில் நம்புவதில்லை என்பது என் சுபாவம். வைஃபை வலைப்பின்னல் அமைப்பவனுக்கு அது நல்ல குணம் என்றுகூட நினைத்திருந்தேன்.

பெஸ்தாரி ஜெயாவைத் தாண்டிக் கோலசிலாங்கூர் போகும் சாலையில், ரவாங்கிலிருந்து சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டரில் இருக்கிறது அந்தச் செம்பனைத் தோட்டம். பெயரை எழுதப் போவதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அங்கே வைஃபை அமைத்தவன் நான்தான். ஆபீஸ், மண்டபம், தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயம் என்று பத்து இடங்களில் ஆண்டெனாப் பெட்டிகள். பத்தையும் மேய்க்க ஆபீஸில் ஒரு கட்டுப்பாட்டுக் கருவி. எந்தப் பெட்டி எந்த அலைவரிசையில் பேச வேண்டும், எவ்வளவு சத்தமாகப் பேச வேண்டும் என்பதையெல்லாம் அதுதான் முடிவு செய்யும். பெட்டிகள் ஆட்களை மேய்க்கும் மண்டோர்கள் என்றால், அது ஆபீஸில் கணக்குப் பார்க்கும் பெரிய கிராணி.

காலை 5.50. நிஜக் கிராணி சந்திரன் ஆபீஸ் வாசலில் காத்திருந்தார். பெரட்டு, அதாவது வேலைக்குப் போகுமுன் ஆள் கணக்கெடுப்பது, தொடங்கப் போகிறது. இப்போது பேர் கூப்பிடுவதோடு விரல்ரேகையும் உண்டு. மண்டோர் கையில் ஒரு சின்னக் கருவி. ஆட்கள் விரல் வைத்தால் வைஃபை வழியாக ஆபீஸுக்குப் பதிவு வந்துவிடும்.

"மண்டோர் பிலோமினா கேங்குக்கு மட்டும் பத்து நாளா ஒரு பதிவும் வரல சார். புத்தகத்துல மட்டும் பதினாலு பேர் வந்ததா எழுதியிருக்கு. வராத ஆளுக்குப் பேர் போடுறாங்க போல. மத்தியானம் மேனேஜர் கடிதம் குடுக்கப் போறாரு."

வேலை போனால் பிலோமினாவுக்கு லயத்து வீடும் போகும். அது தெரிந்தும் நான் அவரைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன்.

மற்ற மண்டோர்கள் திடலில் ஆள் எண்ண, பிலோமினா தன் கேங்கை மாதா கோயில் வாசலில் நிறுத்தியிருந்தார். அவர்களின் லோரி அங்கேதான் நிற்குமாம். ஏன் இவர் மட்டும் ஒதுங்கி நிற்கிறார்? மடிக்கணினியைத் திறந்தேன். எங்கள் வைஃபையின் பெயரிலேயே இன்னொரு சிக்னல் தெரிந்தது. என் பத்துப் பெட்டிகளில் எதுவும் அல்ல. பெயரைத் திருடி வலை விரிப்பது திருடர்களின் பழைய வேலை; பதிவுகளை ஆபீஸுக்குப் போகாமல் மடக்கக் கைப்பேசி ஒன்று போதும்.

நேரே போய், "உங்க போனைக் கொடுங்க" என்றேன்.

பதினாலு பேரும் பார்த்தார்கள். ஐம்பது வயதுப் பெண், முழங்கால் வரை பூட்ஸ், தலையில் துண்டு. போனின் பூட்டைத் திறந்து கொடுத்தார். ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்தேன். பையையும் திறக்கச் சொன்னேன். சோற்று டப்பா, தண்ணீர், ஜெபமாலை. லோரி புறப்பட்டது.

லோரி போய்விட்டது. சிக்னல் போகவில்லை. அப்படியானால் அது பிலோமினாவிடமிருந்து வந்ததில்லை.

காலை 7.15. மடிக்கணினியை ஏந்தியபடி சிக்னல் கூடும் பக்கமாக நடந்தேன். அது கோயிலுக்குள் கூட்டிப் போய், பாட்டுப் புத்தக அலமாரியின் உச்சியில் நிறுத்தியது. கடையில் கிடைக்கும் சாதாரண வைஃபை பெட்டி. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் மலர்ந்த முகத்துடன் வந்தார்.

"போன வாரத்துக்கு முந்தின வாரம் வாங்குனோம். ஜெபப் பாட்டெல்லாம் இப்ப போன்லதானே. நம்ம சனங்க ரெண்டு பாஸ்வேர்டை எங்க ஞாபகம் வச்சுக்குவாங்க? அதான் தோட்டத்து வைஃபை பேரையே வச்சு, அதே பாஸ்வேர்டையும் போட்டுட்டேன். உள்ள வந்தா தானா புடிச்சுக்கும்!"

தானாகத்தான் பிடித்துக்கொண்டது. ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் என்றால் கருவிக்கு வித்தியாசம் தெரியாது. பக்கத்தில் எது பலமாக இருக்கிறதோ அதில் ஒட்டிக்கொள்ளும். பிலோமினாவின் கருவி கோயில் பெட்டியில் ஒட்டியது. அந்த இணைப்பிலிருந்து ஆபீஸுக்கு வழியே கிடையாது. கருவியோ பதில் வந்ததா என்று பார்க்காமல் அனுப்பிவிட்டதாகப் பச்சை விளக்கைக் காட்டும் ரகம்.

உபதேசியாரைக் குறை சொல்ல வாய் வரவில்லை. ஆளுக்கொரு கடவுச்சொல் வைத்திருக்க வேண்டியவன் நான். சோம்பல்பட்டு, தோட்டம் முழுதுக்கும் ஒன்றே ஒன்று வைத்து மண்டபச் சுவரில் ஒட்டியவனும் நான். இன்னொன்றும் உண்டு. எங்கள் பெயரில் அந்நியப் பெட்டி முளைத்தால் கட்டுப்பாட்டுக் கருவி எச்சரிக்கும். லயத்துக் கைப்பேசிகளைப் பார்த்தெல்லாம் கத்துகிறது என்று அந்த எச்சரிக்கையை அணைத்துவைத்திருந்தேன். சந்தேகப்படுவதற்கென்றே இருந்த இயந்திரத்தின் வாயைக் கட்டிவிட்டு, மனுஷியின் பையைத் திறந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

பகல் 12.30. மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடிதத்தைக் கிழித்தார். கோயில் பெட்டிக்கு வேறு பெயர் வைத்தேன். எச்சரிக்கையை மறுபடி இயக்கினேன். கடவுச்சொல்லை மாற்றும் வேலை மாலை வரை இழுத்தது.

இடையில், இரண்டரை மணிக்கு, பிலோமினா செம்பனைக் காட்டிலிருந்து திரும்பினார். ஆபீஸுக்குள் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஆபீஸ் ரூம்ல சொன்னா எப்படி சார்? பையைப் பெரட்டுலதானே தொறந்தீங்க."

முனியாண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். கோலசிலாங்கூரில் தொண்ணூற்றைந்து வெள்ளிக்கு ஓர் அறை எடுத்துத் தங்கினேன். ஆற்றங்கரையில் மீன் சாப்பாடு நன்றாக இருக்கும் என்பார்கள், எனக்கு இறங்கவில்லை.

மறுநாள் காலை 6.05. கோயில் வாசலில் பதினாலு பேர் முன்னால் நின்றேன். வைஃபை, பெட்டி, பெயர், அலைவரிசை என்று நீட்டி முழக்கி, தவறு வலைப்பின்னலில்தான் இருந்தது என்று முடித்தேன். முன்வரிசைப் பெண்கள் தலையாட்டினார்கள். பின்வரிசையில் வங்காளதேசத்து ஆட்கள் ஆறு பேர் விழித்துக்கொண்டு நின்றார்கள்.

"மலாய்லயும் சொல்லுங்க சார்," என்றார் பிலோமினா. "அவங்களும்தான் பாத்தாங்க."

அவர்களுக்குப் புரியும் மலாய் கொஞ்சம். வைஃபையும் அலைவரிசையும் அதற்குள் நுழையாது. "சாலா சாயா," தவறு என்னுடையது என்றேன். இந்த அம்மா ஒரு தப்பும் செய்யவில்லை என்றேன். சொல்ல வேறு எதுவும் மிச்சமில்லை.

பிலோமினா கருவியை நீட்டினார். முதல் ஆள் விரலை வைத்தார்.