சுரங்கவாசல் அழுகை

கெர்ட்ருடாவின் மகன் ஆஹிம் தலைநகர் வார்ஸாவில் பெரிய இசையமைப்பாளன் என்பது நிலக்கரிச் சுரங்கக் குடியிருப்பு முழுக்கத் தெரியும். அது என்ன இசை என்றுதான் யாருக்கும் விளங்கவில்லை. பியானோவின் மூடியைத் திறந்து கம்பிகளைச் சங்கிலியால் உரசுவான். வயலின்காரர்களை வில்லைத் திருப்பிப் பிடித்து மரத்தால் தட்டச் சொல்வான். சுரங்கத் தொழிலாளர்களின் பேண்டு வாத்தியக் குழுவில் ஊதுகிறவர் அவன் அப்பா அலோயிஸ். "நம்ம சுரங்க லிஃப்டுக்கு எண்ணெ போடாம விட்டா இதே கச்சேரிதான்டா" என்று கிண்டலடிப்பார். ஆனாலும் கோட்டு மாட்டிக்கொண்டு போய்க் கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் வருவார்.

ஒரு பிப்ரவரியில் சுரங்கம் சரிந்தது. அலோயிஸும் பக்கத்து வீட்டு ஹில்டாவின் புருஷனும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். பெண்கள் பனியில் சுரங்க வாசலிலேயே கிடந்தார்கள். மதிய ரயிலில் ஆஹிம் வந்து இறங்கினான், தோளில் ஒரு பெட்டியோடு. மாற்றுத்துணி என்று நினைத்தாள் கெர்ட்ருடா. மேலே வந்த முதல் ஸ்ட்ரெச்சரில் அலோயிஸின் உடல் இருந்தது. மகன் மார்பில் விழுந்து அவள் கத்திய கத்தலில் காவலாளிகளே தலையைத் திருப்பிக்கொண்டார்கள். ஆஹிம் ஒரு கையால் அவளை அணைத்திருந்தான். மறு கையில் அந்த ஒலிப்பதிவுப் பெட்டியின் மைக் இருந்ததை அவள் பார்க்கவில்லை.

இலையுதிர் காலத்தில் வார்ஸாவுக்கு வரச் சொன்னான். முன்வரிசையில் உட்கார வைத்தான். விளக்கணைந்ததும் ஒலிபெருக்கிகளிலிருந்து அவள் குரல் வந்தது. புருஷன் பெயரைத் துண்டு துண்டாக வெட்டியிருந்தான். பின்னாலிருந்து முன்னால் ஓட்டி, இழுத்து இழுத்து நாயின் ஊளையாக்கியிருந்தான். முடிந்ததும் அரங்கமே எழுந்து கைதட்டியது.

மேடைக்குப் பின்னால் அவள் அவன் சட்டையைப் பிடித்தாள். "உங்கப்பன் இதுக்காடா செத்தாரு?"

"அம்மா, அது இனிமே உன் குரல் இல்ல. வெறும் சத்தம்." அவன் முகத்தில் சந்தோஷம் தாங்கவில்லை. "நல்லவேளை, அன்னிக்கே வந்தேன். ஒரு நாள் பிந்தியிருந்தா உன் தொண்டை கட்டியிருக்கும்."

வானொலியில் அது ஒலிபரப்பானபோது குடியிருப்பே கேட்டது. கெர்ட்ருடாவின் குரலுக்குப் பின்னால் மற்றப் பெண்களின் குரல்களும் இருந்தன. ஹில்டாவின் புருஷனைக் கடைசிவரை தோண்டி எடுக்கவே இல்லை. ஹில்டா மாடிப்படியில் கெர்ட்ருடாவை வழிமறித்தாள்.

"ஏண்டி, உன் புருஷன் சாவை வித்துக்கோ. என் அழுகையை விக்க அவனுக்கு யாருடி உரிமை குடுத்தது?"

"எனக்குத் தெரியாது ஹில்டா, சத்தியமா."

"மார்புல சாஞ்சு பாடிக் குடுத்தவளுக்குத் தெரியாதாம்!"

அதன்பிறகு ரொட்டி வரிசையில் கெர்ட்ருடா நின்றால் முன்னும் பின்னும் இடம் விட்டு நின்றார்கள். மாதா கோயிலில் அவள் உட்கார்ந்த பெஞ்சு காலியானது. பொறுக்க முடியாமல் மகனுக்குத் தொலைபேசியில் சொன்னாள்: "வந்து ஒருத்தி ஒருத்தியா மன்னிப்புக் கேளு. இல்லேன்னா நான் இங்க வாழ முடியாது."

வந்தான். அவனுக்குப் பிடித்த உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையும் சுருட்டிய மாட்டுக்கறியும் அடுப்பில் இருந்தன. முதலில் ஹில்டாவின் கதவைத் தட்டினான்.

"அத்தை, நான் வந்து..."

கதவைத் திறந்த ஹில்டா, தரை துடைத்த அழுக்குத் தண்ணீரை வாளியோடு அவன் தலையில் கவிழ்த்தாள். வாளி இரும்புப் படிகளில் உருண்டுகொண்டே கீழ்த்தளம்வரை போனது.

தன் வாசலில் நின்ற கெர்ட்ருடா துண்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஆஹிம் நனைந்தபடி விரலை உயர்த்தினான்.

"இரும்மா, அசையாதே. அந்த எதிரொலி கேக்குதா? எப்பேர்ப்பட்ட..."

அவன் கண்கள் பாதி மூடியிருந்தன. உதட்டில் சிரிப்பு. கதவிடுக்கில் ஹில்டா அழுதுகொண்டிருந்தாள். அதையும் சேர்த்துத்தான் அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

கெர்ட்ருடா துண்டோடு திரும்பி வந்தாள். அவன் கோட்டையும் தொப்பியையும் வெளியே வீசிவிட்டுத் தாழ்ப்பாள் போட்டாள்.

"அம்மா, குளிருதும்மா. கதவைத் திற."

மேசையில் இரண்டு தட்டுகள் வைத்திருந்தாள். அவன் தட்டிக்கொண்டிருக்க, தன் தட்டில் கொழுக்கட்டையைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். பிறகு அவன் பங்கையும் இழுத்து வைத்துக்கொண்டாள்.