கிரீடம் குத்திய துவக்கு

வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டைவிட்டு ஓடிவந்தவன் நான். அகதி விசாரணையில் அதைச் சொல்லித்தான் இங்கே இருக்க இடம் கேட்டேன். பெரிய மனதோடு கொடுத்தார்கள். முப்பது வருடம் கழித்து, போன மாதம் ஒரு சனிக்கிழமை, அதே நான் காசு கொடுத்து ஒரு துவக்கு வாங்கினேன்.

வாங்கி, வீட்டுச் சுவரிலும் மாட்டினேன்.

நகரத்துக்கு வெளியே, ஸ்ரௌவ்வில் பக்கம் ஒரு வீட்டில் பழைய சாமான்கள் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மேசைவிளக்கு வாங்கத்தான் போனேன். ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய ஒரு முதியவரின் வீடு. அவர் காலமாகிவிட்டார், மகன் விற்றுக்கொண்டிருந்தார். விளக்குகளுக்குப் பின்னால் அது சுவரில் சாய்ந்து நின்றது. இரண்டு குழல்கள் அருகருகே. அவற்றுக்குக் கீழே ஒல்லியாக மூன்றாவது. மேலே உள்ளவை பறவைக்கும் முயலுக்கும் சிதறுகுண்டு அடிக்க. கீழே உள்ளது மானுக்கும் பன்றிக்கும் ஒற்றை ரவை அடிக்க. ஒரே துவக்கில் முழுக் காடும்! இரும்பில் இலைகளும் ஒரு கலைமானும் செதுக்கியிருந்தார்கள்.

“அன்ரீக். பழம்பொருள், லைசன்ஸ் தேவையில்லை” என்றார் மகன். அவர் பொய் சொல்லவில்லை, பாவம், அவருக்கும் தெரியாது. தெரியாதவர் விற்க, தெரியாதவன் வாங்கினேன். உலகத்தில் பாதி வியாபாரம் இப்படித்தானே நடக்கிறது?

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். என் மனைவி மலர் பதினொரு வருடமாக வீட்டிலேயே டேகெயார் நடத்துகிறார். ஒரு ஏஜென்சியின் கீழ், முறைப்படி. டோர்செட் பார்க் அடுக்குமாடிகளிலிருந்து ஐந்து குழந்தைகள் காலை ஏழரைக்கு வந்து இறங்குவார்கள். எங்கள் வீட்டு மோர்ட்கேஜ் கடனை உண்மையில் கட்டுவது அந்த ஐவரும்தான். நான் பத்திரிகைக்கு எழுதும் பத்திகள் அல்ல.

“உது என்னப்பா?” என்றார் மலர், நான் அதைத் தூக்கிக்கொண்டு பேஸ்மென்ற் படியிறங்கும்போது.

“அன்ரீக். சுடாது.”

“சுடாதெண்டு ஆர் சொன்னது?”

“வித்தவர்.”

“நல்ல ஆளைத்தான் கேட்டிருக்கிறியள். பிள்ளையளின்ரை கண்ணிலை பட்டுதெண்டால் தெரியும்.”

கீழே என் எழுத்து அறைக்குப் பூட்டு உண்டு. மாட்டினேன். பூட்டினேன். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. காரணம், எனக்குக் கொஞ்சம் வாசிப்புப் பழக்கம் உண்டு. வாசிக்கிறவனுக்கு எழுத்து எங்கே கண்டாலும் கை துறுதுறுக்கும். எங்காவது எழுத்து குத்தியிருக்கும் என்று, வீடியோ ஒன்றைப் பார்த்துக் குழல்களைக் கழற்றினேன். உள்ளே ரவை இல்லை, நல்லவேளை. குழல்களின் அடிவயிற்றில், துவக்கின் பூட்டோடு பொருந்துகிற இடத்தில், நெல்மணி அளவில் ஏதோ குத்தியிருந்தது. தேய்ந்து போயிருந்ததால் தெரியவில்லை. சாமி அறையிலிருந்து கொஞ்சம் திருநீறு எடுத்து வந்து தேய்த்து, ஊதினேன். பள்ளங்களில் திருநீறு தங்க, எழுத்துகள் வெள்ளைவெளேரென்று எழுந்து வந்தன…

கிரீடங்கள்! வரிசையாகக் கிரீடங்கள். கிரீடத்தின் கீழே யூ. கிரீடத்தின் கீழே ஜி. கிரீடத்தின் கீழே எஸ். கடைசியாக, கிரீடத்தின் கீழே — டபிள்யூ.

ஜெர்மன் சக்கரவர்த்தியின் பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறது? டபிள்யூவில். மேலே கிரீடம். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? பக்கத்தில் 3, சற்றுத் தள்ளி 12 என்று இரண்டு இலக்கங்கள். அதையும் ஒரு நொடியில் விளங்கிக்கொண்டேன்: அரண்மனைக்காகச் செய்தவை பன்னிரண்டு, இது மூன்றாவது.

ஞாயிற்றுக்கிழமை, பஸ் ஓட்டுகிற என் நண்பர் யோகனைக் கூப்பிட்டு முக்கால் மணி நேரம் விளக்கம் கொடுத்தேன். பொறுமையாகக் கேட்டார்.

“எல்லாம் சரி அண்ணை. ராசாவின்ரை துவக்கு ஸ்ரௌவ்விலுக்கு என்னத்துக்கு வந்தது?”

“சரித்திரத்தில எவ்வளவோ நடக்கும் யோகன்.”

“ஓம், நடக்கும். ஆனா உந்த மூண்டும் பன்னிரண்டும்… எனக்கெண்டால் திகதி மாதிரிக் கிடக்கு. மூண்டாம் மாதம், பன்னிரண்டாம் ஆண்டு.”

சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன். ஆனால் அன்றிரவு நித்திரை வரவில்லை. வியாழக்கிழமை, படங்களை மட்டும் ஃபோனில் எடுத்துக்கொண்டு ஒஷாவாவுக்குப் போனேன். அங்கே பழைய வேட்டைத் துவக்குகள் திருத்துகிற ஒருவர் இருக்கிறார். முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத மனிதர்.

“இந்தக் கிரீடம்…” என்று தொடங்கினேன்.

“எல்லாவற்றிலும் இருக்கும்” என்றார். அந்தக் காலத்தில் ஜெர்மனியில் எந்தத் துவக்கையும் அரசாங்கப் பரிசோதனைச் சாலையில் சுட்டுப் பார்ப்பார்களாம். வெடித்துச் சிதறாவிட்டால் ஒரு கிரீடம். யூ என்றால் பார்வையிட்டாகிவிட்டது. ஜி என்றால் குழலின் உள்ளே சுருள் வரி வெட்டியிருக்கிறது. எஸ் என்றால் சிதறுகுண்டுக் குழல். டபிள்யூ?

“குழலின் வாய் சற்று ஒடுங்கியது என்று அர்த்தம்.”

சக்கரவர்த்தி அந்தக் கடை வாசலிலேயே காலமானார்.

பாஸான துவக்குக்கெல்லாம் கிரீடம்! நான் ஏன் அதிர்ந்தேன் என்று தெரியவில்லை. மண்டபத்துக்கு வந்தவருக்கெல்லாம் பொன்னாடை போர்த்துகிற ஊரில் இருந்துகொண்டு, இதை நான் முதலே ஊகித்திருக்க வேண்டாமா? என் அலுமாரியிலேயே நான்கு பொன்னாடைகள் இருக்கின்றன.

“அப்ப 3, 12?”

“மார்ச், 1912. பரிசோதித்த திகதி.” முதல் முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “இங்கே 1898க்கு முன் செய்ததுதான் அன்ரீக். இது சாதாரண துவக்கு. லைசன்ஸ் இருக்கிறதா?”

பதினான்கு வருடம் பிந்திவிட்டது. ஒரு முழு வனவாசக் காலம். அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். லைசன்ஸ் இல்லாமல் ஒரு துவக்கு. ஐந்து குழந்தைகள் மதிய நித்திரை கொள்ளும் அறைக்கு நேர் கீழே.

“தொடாதே. காரில் ஏற்றாதே. பொலிசுக்கு நீயே ஃபோன் பண்ணு” என்றார்.

வீட்டுக்கு வந்தேன். மலர் அப்பிள் வெட்டிக்கொண்டிருந்தார். சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கத்தியைக் கீழே வைத்தார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

“பதினொரு வருசம் இஞ்சேருங்கோ. ஒரு பிள்ளை விழுந்து முழங்கால் கூட உரஞ்சினதில்லை.” அவ்வளவுதான். நான் பொலிசுக்கு ஃபோன் எடுத்தேன். பிறகு ஏஜென்சிக்கு அவரே ஃபோன் எடுத்தார். ஒன்றையும் மறைக்கவில்லை.

பதில் உடனே வந்தது: இன்றே பிள்ளைகளை அனுப்பிவிடுங்கள். துவக்கு வீட்டைவிட்டுப் போய்விட்டது என்று பொலிஸ் எழுத்தில் தந்தால் திறக்கலாம். தராவிட்டால், இல்லை.

பெற்றோர் ஒவ்வொருவராக வந்தார்கள். “என்ன நடந்ததெண்டு கேக்கேல்லை அன்ரி” என்றாள் ஒரு தாய், சப்பாத்தைப் பிள்ளைக்கு மாட்டியபடி. “திங்கள் திறப்பியளோ? எனக்கு ஷிஃப்ற் இருக்கு. லீவு கேட்டால் வேலை போயிடும்.” மலர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

பொலிஸ் மறுநாள் காலையில் வந்தது. இரண்டு பேர். அதில் ஒருவர் நம்முடைய தமிழ்ப் பெண்பிள்ளை. இங்கேயே பிறந்தவர், என் மகள் வயதிருக்கும். ஊரில் சீருடையோடு யாராவது வாசல் படலையைத் திறந்தால் பின்வளவால் ஓடிய நான், இங்கே கதவைத் திறந்து, “ரீ குடிக்கிறீங்களோ?” என்று கேட்டேன்.

துவக்கை நீளப் பையில் போட்டு மூடினார்கள். நானே கூப்பிட்டதால் இத்துடன் விடுவதாகச் சொன்னார்கள். அதன் பிறகு அந்தப் பெண் எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, மலருக்கு வேண்டிய அந்தப் பேப்பரை எழுதத் தொடங்கினார். பதினொரு வருடமும் அந்தப் பேனா முனையில் நின்றது. மலர் கதிரையின் பின்பக்கத்தை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பேப்பரில் பிழை வந்துவிட்டால்? ஏஜென்சி ஏற்காவிட்டால்? துவக்கை அடையாளம் காண்பது முக்கியமல்லவா? கிரீடம், யூ, ஜி, எஸ், ஒடுங்கிய வாய், மார்ச் 1912, பரிசோதனைச் சாலை… வரிசை பிசகாமல் சொல்லிக்கொண்டே போனேன். அவர் இரண்டு சொல் எழுதி, கையெழுத்து வைத்து, புத்தகத்திலிருந்து அந்தப் பேப்பரைக் கிழித்து மலரிடம் நீட்டினார்.

“திங்கள் திறக்கலாம் அன்ரி.” பிறகு என் பக்கம் திரும்பினார்: “சொறி அங்கிள், உதிலை துவக்கைப் பற்றி எழுத ஒரு லைன்தான் இருக்கு. ‘ஓல்ட் கன்’ எண்டு போட்டிட்டன்.”